கொழுந்துச் சாக்கும் கீர்த்தனைப் புத்தகமும்

போடிநாயக்கனூரில் மூணாறு பஸ் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு வந்தால் அங்கே தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. சோதனைச் சாவடிக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலத் தோட்டங்களின் குளிர்ந்த நிழலில் பூப்பாறை; பிறகு ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பு; அதன் கரையிலிருந்தே மேலேறும் தேயிலைச் சரிவுகள். நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து சின்னக்கானல் பக்கம் திரும்பினால் சூரியநெல்லி. கடைப் பலகைகளில் மலையாளம் இருக்கும். கடை வாசலில் நின்று பேசுகிறவர்களின் வாயில் பெரும்பாலும் தமிழ். திருநெல்வேலிப் பேச்சும் மதுரைப் பேச்சும் கலந்து, நடுவே ‘அதே’, ‘சேச்சி’ என்று மலையாளமும் எட்டிப் பார்க்கும் ஒரு தனித் தமிழ் அது.

வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை இப்போது அறிந்திருப்பது கொழுக்குமலையால்தான். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் ஜீப்பில் போக வேண்டுமானால் சூரியநெல்லியிலிருந்துதான் போக வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடிக்கும் அதிகமான உயரம். சூரியோதயம் பார்க்க வருகிற உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் ஜீப்புகள் கிளம்பிவிடும். அவற்றின் வெளிச்சம் தோட்டத்து லயங்களின் சுவரில் பட்டு மறைகிற அதே வேளையில், உள்ளே அடுப்புப் பற்ற வைக்க எழுந்துவிட்ட பெண்களும் உண்டு.

ஊரின் பெயர் வேறொரு காரணத்தாலும் பத்திரிகைகளில் அடிபட்டது. 1996-ஆம் ஆண்டு ஒரு பள்ளி மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் வழக்குக்கு ஊர்ப் பெயரையே சூட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் கோர்ட்டு கோர்ட்டாக அந்த வழக்கு நடந்தது. குற்றவாளிகளின் பெயர்கள் மறந்து போயின. ஊர்ப் பெயர்தான் நிலைத்தது. இது ஊருக்குச் செய்த நியாயமாகத் தோன்றவில்லை. தினந்தோறும் அங்கே எழுந்து, கொழுந்து எடுத்து, பாடி, ஜெபித்துப் படுக்கிற எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிரிவினரான இளம் கிறிஸ்தவப் பெண்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒரே பெண்ணின் கதையாக இதைக் கொள்ள வேண்டாம். இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பலருக்கும் பொதுவான வாழ்க்கை இது.

விடிந்தால் வேலை

லயம் என்பது வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ் நான்கோ ஆறோ எட்டோ குடும்பங்கள். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் சிறு திண்ணை. இந்த அளவுக்குள்தான் தாத்தா, பாட்டி, தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லாரும். கிறிஸ்தவ வீடு என்பதற்கு அடையாளமாக வாசல் நிலைக்கு மேல் ஒரு சிலுவை அல்லது வேத வசனம் அச்சிட்ட ஒரு தகடு இருக்கும். கத்தோலிக்க வீடானால் வேளாங்கண்ணி மாதா படம், அதன் முன் ஒரு சிறு விளக்கு. பக்கத்து வீட்டில் முருகன் படம் இருக்கும். சுவர் ஒன்றுதான், இந்தப் பக்கத்து ஜெபமும் அந்தப் பக்கத்துக் கந்த சஷ்டிக் கவசமும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள்தான் லயத்துப் பிள்ளைகள். இதனால் சண்டை வந்ததென்பதை விட, தண்ணீர்க் குழாயடியில் வந்த சண்டைதான் அதிகம்.

காலையில் பால் சேர்க்காத கட்டன் சாயா. தேயிலை விளைகிற இடத்தில் அருமையான தேநீர் கிடைக்கும் என்று கீழ்நாட்டில் நினைப்பார்கள். முதல் தரமெல்லாம் ஏலத்துக்குப் போய்விட, எடுத்தவர்கள் வீட்டுப் பானையில் கொதிப்பது பெரும்பாலும் தூள்தான். குடும்ப ஜெபம் இரண்டு நிமிடத்தில் முடியும். ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம். கையில் சோற்றுத் தூக்கு.

எட்டு மணிக்குள் மலையில் இருக்க வேண்டும். தலையில் துண்டு, இடுப்பில் பனியும் முள்ளும் படாமல் கட்டிய படங்கு அல்லது பிளாஸ்டிக் தாள், காலில் ரப்பர் பூட்ஸ். மழைக்காலத்தில் அட்டை. உப்போ புகையிலையோ தேய்த்துக்கொண்டாலும் அது ஏறத்தான் ஏறும். முன்பு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளி முதுகுக் கூடையில் போட்டார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் கத்தரி. அதில் ஒட்டிய தட்டில் விழும் கொழுந்தைச் சாக்கில் கொட்ட வேண்டும். நிறைந்த சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு செங்குத்தான சரிவில் நிறுவைக்கு இறங்குவதுதான் உயிர் போகிற வேலை. கொழுந்து ஈரமாக இருந்தால் கனம் கூடும். ஈரத்துக்கென்று நிறுவையில் கழித்தும் விடுவார்கள். தூக்கி வந்தவள் தூக்கிய கனம் ஒன்று. ஏட்டில் ஏறும் கனம் வேறொன்று.

வேலை நேரத்தில் பாடுவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. சினிமாவில் வருகிற தோட்டத்துப் பெண்கள் பாடிக்கொண்டேதான் கொழுந்து பறிப்பார்கள். நிஜத்தில் கத்தரி பிடித்த கையும் ஏறிய மூச்சுமாகப் பாட முடியாது. வாய்க்குள் முணுமுணுப்பு வரும், அவ்வளவுதான். அப்படி முணுமுணுப்பதில் இளையராஜாவும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும் இருக்கும். இளையராஜாவே இந்த மலையின் கிழக்கடிவாரத்துப் பண்ணைப்புரத்துக்காரர் என்பதில் இங்குள்ளோருக்கு ஒரு தனிப் பெருமை.

ஏழாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்தைப் பார்த்தால் வேறு ஊரோ என்று தோன்றும். பூட்ஸும் படங்கும் திண்ணையில் கிடக்க, அதே பெண் தலையில் எண்ணெய் தடவி, பூ வைத்து, இஸ்திரி போட்ட சேலையிலோ சுடிதாரிலோ கையில் மூன்று புத்தகங்களோடு வெளியே வருகிறாள். வேதாகமம், பாமாலை, கீர்த்தனை.

கடைசி இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சபைகளில் பாமாலை என்றால் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாட்டு. ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளைத் தமிழாக்கி அதே ராகத்தில் பாடுவது. கீர்த்தனை என்றால் நம் நாட்டு மெட்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முறையாக இருக்கும். பாட்டின் தலைப்பில் செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, சங்கராபரணம் என்று ராகமும், ஆதி, ரூபகம் என்று தாளமும் அச்சிட்டிருக்கும். சங்கீத சபாவின் படி ஏறாத ஒரு கொழுந்துக்காரப் பெண் வாரம் தவறாமல் இந்த ராகப் பெயர்களைக் கண்ணால் பார்க்கிறாள். அதன் ஆரோகண அவரோகணம் அவளுக்குத் தெரியாது. பாட்டி பாடிய மெட்டு தெரியும். ஒரு சபையில் பாடுகிற மெட்டு பக்கத்து எஸ்டேட் சபையில் கொஞ்சம் மாறியிருக்கும். எது சரி என்று கல்யாண வீட்டில் இரண்டு ஊர்ப் பெண்கள் வாதாடுவதும் உண்டு.

சிறிய சபைகளுக்கு ஆயர் எல்லா வாரமும் வர இயலாது. ஒருவர் கையில் பல எஸ்டேட்டுகள். அவர் வருகிற ஞாயிறு இராப்போஜன ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் நடத்துவார். ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டு வந்துவிட்டது. கரண்டு போனால் மறுபடி டோலக்கும் கைத்தாளமும்தான். மலையில் கரண்டு போவது அரிய செய்தியும் அல்ல. பாடகர் குழுவில் எண்ணிப் பார்த்தால் பெண்களே மிகுதி. ஆண்களில் இரண்டொருவர் ‘பேஸ்’ பாடுகிறோம் என்று தொண்டையைக் கீழே இறக்குவார்கள்.

ஆராதனைக்கு முன்போ பின்போ ஓய்வு நாள் பள்ளி. இதில் ஆசிரியை இந்தப் பெண்தான். பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, அபிநயத்தோடு பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மனப்பாட வசனம் கேட்பாள். இதில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இன்று மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். வேலைக்கு அதுதான் உதவும் என்று பெற்றோர் நினைப்பதில் தவறு காண முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கிற இடம் அந்தக் கோயிலின் பின்புற வராந்தாதான். பாட்டுப் புத்தகமே அரிச்சுவடி. பம்பாயிலும் பெங்களூரிலும் பிள்ளை வளர்க்கிற நம்மவர்களுக்கு இதன் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு மலையேறிய கதை

இந்த மலையில் பாட்டுப் புத்தகம் எப்படி வந்தது? வெள்ளைக்காரத் துரைகள் கொண்டு வந்தார்கள் என்று மூணாறு வருகிற பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். துரைமாரின் கோயிலுக்குத் தனி வரலாறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1894-இல் தோட்ட மானேஜர் நைட் என்பவரின் இளம் மனைவி எலினர், மலைக்கு வந்த சில நாட்களிலேயே காலராவில் இறந்தார். அவரை அடக்கம் செய்த குன்றின் சரிவில் கல்லறைத் தோட்டம் உண்டாகி, அதன் பிறகுதான் 1911-இல் கிறிஸ்து ஆலயம் திறக்கப்பட்டது. கல்லறை முதலில், கோயில் பிறகு என்ற இந்த விசித்திரத்தை மூணாறில் வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அதே காலத்தில் காலராவிலும் மலைக் காய்ச்சலிலும் செத்த தமிழ்க் கூலிப் பெண்களுக்கு அந்தக் குன்றில் கல் கிடையாது.

தமிழ்ப் பாட்டு வந்தது கூலிகளின் நடைவழியில். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தபோது, மூட்டையில் அரிசியோடு புத்தகமும், புத்தகம் வாங்க வழியில்லாதவர்கள் நினைவில் மெட்டுமாக, போடி மலைப் பாதையில் ஏறின. பிற்பாடு கம்பெனியார் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் போட்டார்கள். 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம், 1908-இல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி என்ஜின். டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் போடிப் பக்கம் கீழே இறங்கும் தேயிலைப் பெட்டி. மேலே ஏறும் அரிசி மூட்டை. 1924-ஆம் வருட வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி அது போடப்படவில்லை. கூலி ஜனங்கள் அதற்கு முன்பும் பின்பும் பெரும்பாலும் நடந்துதான் ஏறினர்.

அவர்கள் கொண்டு வந்த பாட்டுகளில் பெரும் பங்கு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றியவை. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சரபோஜி மன்னரோடு பழகி வளர்ந்தவர், 1864-இல் காலமானார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் அவரே. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியார் பாட்டுகளைப் பெரும்பகுதியாகக் கொண்டு ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். அந்த மிஷன் வேலை செய்த ஊர்கள் இந்த மலையின் அடிவாரமான மதுரைச் சீமை. பாட்டு மலையேற இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது.

சாஸ்திரியாரைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட்டால் கணக்குச் சரியாகாது. தஞ்சையில் புதிதாக வந்த பாதிரிமார் கோயிலில் தமிழ் இசை வேண்டாம் என்றபோது அவர் எதிர்த்து நின்றார். 1829-இல் தம் குறைகளை எழுதியும் வைத்தார். ஆனால் அதே எழுத்தில், கோயிலில் சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைப்பதையும் கொடுமை என்றே குறித்தார். தமிழ்ப் பாட்டும் வேண்டும், தனித்தனிப் பாயும் வேண்டும் என்பது அவர் கட்சி. எவரைத் தள்ளி உட்காரச் சொன்னார்களோ அந்த ஜனங்களின் பேத்திகள் இன்று சூரியநெல்லியில் முன் வரிசையில் நின்று அவர் பாட்டைப் பாடுகிறார்கள். அவர் பாட்டு அவரை விடப் பெரியதாகிவிட்டது.

இசையில் கிறிஸ்தவப் பெண்கள் என்றால் ஆபிரகாம் பண்டிதர் வீட்டையும் நினைக்காமல் இருக்க முடியாது. தென்காசிப் பக்கம் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்தவர் பண்டிதர். கம்பத்துக்கு அருகே சுருளிமலையில், அதாவது இதே மலைத்தொடரின் காலடியில், சித்த மருத்துவம் கற்றார் என்று அவர் வரலாறு கூறும். பின்னர் தஞ்சையில் மருந்து விற்ற பணத்தைச் சங்கீத ஆராய்ச்சியில் கொட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் அவர் தம் சுருதிக் கொள்கையை விளக்கியபோது, பெரிய வித்துவான்கள் முன்னிலையில் அதை வீணையில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவர் குடும்பத்துப் பெண்கள். மகள் மரகதவல்லி அம்மாளே தந்தையின் கருணாமிர்த சாகரம் இரண்டாம் புத்தகத்தை 1946-இல் வெளிக்கொணர்ந்தார். முதற்புத்தகம் 1917-இல் வந்தது. பண்டிதர் 1919-இல் மறைந்தார்.

அண்மைக் காலத்தில் என்றால் சாராள் நவரோஜி. 1938-இல் பிறந்து 2014-இல் காலமான இந்த அம்மையார் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடினார். தோட்டத்துப் பெண்களுக்கு அவரிடம் ஒரு தனி ஒட்டுதல் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டாம். ஆண்கள் எழுதிய பாட்டையே பாடிப் பழகியவர்களுக்கு, ஒரு பெண்ணின் பாட்டு பெண்ணின் குரலிலேயே வந்தது. ரேடியோவில் இலங்கை வானொலி கேட்ட தாய்மார் அதைக் கேசட்டில் கேட்டார்கள். மகள்மார் போனில் கேட்கிறார்கள். இப்போது பெர்க்மான்ஸ் அடிகளாரின் பாட்டுகளும் புதிய இளைஞர் பாட்டுகளும் போனில் வந்து குவிகின்றன. கீர்த்தனை பாடச் சொன்னால் சின்னப் பெண்கள் முகம் சுளிப்பதும், புதுப் பாட்டுக்குக் கைதட்டினால் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் எல்லா ஊர்க் கோயிலிலும் உள்ளதுதான்.

இரண்டு பெயர்

பாட்டும் ஜெபமும் சுகமாகத்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடம் முடித்து, மேல் படிப்புக்கோ வேலைக்கோ மனுப் போடுகிறபோதுதான் விசுவாசத்துக்கு விலை கேட்கப்படுகிறது.

தோட்ட ஜனங்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். 1950-ஆம் ஆண்டு ராஷ்டிரபதி உத்தரவின்படி இந்துவாக இருந்தால்தான் ஷெட்யூல்டு வகுப்பு. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-இல் சொன்னது; 2022-இல் முன்னாள் பிரதம நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். கேரளத்தில் மதம் மாறிய தாழ்த்தப்பட்டோருக்கென்றே கோட்டயத்தில் ஒரு வளர்ச்சிக் கழகம் உண்டு. சில சலுகைகளும் உண்டு. ஆனால் முழு உரிமைக்கு அது ஈடாகாது. அதனால் சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று பல குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. பள்ளியில் ஒரு பெயருக்கு ‘பிரசன்ட்’ சொல்லி, ஞாயிறன்று வேறொரு பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற பெண்களை ஏமாற்றுக்காரிகள் என்று சொல்ல மனம் வரவில்லை. லயத்தில் அவளை நடத்துகிறவர்கள் அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று பார்த்தா நடத்துகிறார்கள்?

2024 நவம்பர் 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு வழங்கியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்குப் போகிறவர், கிளார்க் வேலைக்காக இந்து ஷெட்யூல்டு வகுப்புச் சான்று கேட்டார். விசுவாசம் கிறிஸ்தவம், சலுகைக்கு மட்டும் இந்து என்பது செல்லாது என்று கோர்ட் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்கு, ஒரு கிளார்க் வேலை ஒரு வீட்டையே எப்படித் தூக்கி நிறுத்தும் என்பது தெரியும். அதனால் அந்தப் பெண்ணின் ஆசையைக் குறை சொல்லத் தோன்றாது.

இந்த மலையிலேயே இன்னொரு வழக்கு நடந்தது. தனித் தொகுதியான தேவிகுளத்தில் 2021-இல் வென்ற ஏ.ராஜா, தமிழிலேயே சட்டசபையில் உறுதிமொழி எடுத்தவர். அவர் கிறிஸ்தவர் என்று கூறி 2023 மார்ச்சில் கேரள ஹைகோர்ட் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை மாற்றி, அவர் வென்றது செல்லும் என்றது. நடுவே இரண்டு வருஷம் மலை முழுக்க, யார் வீட்டுக் கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்தது, பதிவேட்டில் என்ன பெயர், தாத்தா எந்த வருஷம் மலையேறினார் என்பதே பேச்சாக இருந்தது. 1950-க்கு முன்பே மலையேறிய குடும்பம் என்பதற்குக் காகிதம் எங்கே? மூட்டையும் பாட்டுமாக வந்தவர்கள் காகிதம் கொண்டு வரவில்லை.

வீட்டுச் சாவி

இவை எல்லாவற்றையும் விட இந்தப் பெண்ணை ராத்திரியில் தூங்க விடாத கேள்வி ஒன்று இருக்கிறது. அது வீடு.

லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கிறவரை வீடு. தாயோ தகப்பனோ ஐம்பத்தெட்டு வயதில் வேலையிலிருந்து நின்றால், வீட்டில் வேறு யாராவது பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். இல்லையானால் காலி செய்ய வேண்டும். சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்பது தோட்டங்களில் பலருக்கும் தெரிந்த நடைமுறை. மூன்று தலைமுறை பிறந்த அறைக்கு ஒரு சாவி. அதுவும் தங்களுடையது இல்லை. கீழ்நாட்டில் சொந்த ஊர் என்று ஒன்று இருந்தாலும் அங்கே நிலமும் இல்லை, இவர்களைத் தெரிந்தவர்களும் இல்லை.

ஆகவே படித்த பெண்ணுக்கு முன்னால் இரண்டே வழி. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, எர்ணாகுளத்துத் துணிக்கடைக்கோ, நர்ஸிங் படித்து வேறு எங்காவதோ போகலாம். அல்லது தாயின் கத்தரியை வாங்கிக்கொண்டு மலைக்குப் போகலாம். “கொழுந்துக்கு வந்துரு தாயி, உன் பேரு இருந்தாத்தான் நம்ம தலைக்கு மேல கூரை” என்று சொல்கிற தாய்தான், இன்னொரு நாள், “என் கால் படுற பாடு உனக்கு வேண்டாம் தாயி, எங்கயாச்சும் போயிரு” என்றும் சொல்வாள். இரண்டும் உண்மையாகவே சொல்வது. போகிற பெண்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் இடத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வந்து கொழுந்து எடுக்கிறார்கள்.

பாடகர் குழுவின் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. நல்ல குரல் உள்ள பெண், நன்றாகப் படித்தவள், ஓய்வு நாள் பள்ளிக்கு ஆசிரியை. முதலில் ஊரை விட்டுப் போகிறவளும் அவளே. ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல், போனில் பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து பாடுகிற நிலைக்குச் சிறு சபைகள் வந்துகொண்டிருக்கின்றன.

தங்கிவிட்ட பெண்கள் ஊமைகள் என்று யாரும் எண்ண வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. போனஸைப் பாதியாகக் குறைத்ததற்கு எதிராகக் கிளம்பி, யூனியன் தலைவர்களைக் கிட்டே வர விடாமல், ஒன்பது நாள் போராடி இருபது சதவீதம் வாங்கினர். முன்னால் நின்ற லிஸி சன்னி, கோமதி, ராஜேஸ்வரி ஆகிய பெயர்களைப் பார்த்தாலே மதத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை என்பது விளங்கும். நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது அதன் பிறகுதான். கூடவே தினசரி எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவும் ஏறியது. சாலையில் எழுந்த கோஷங்கள் தமிழில், எதுகை மோனையோடு, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற முறையில் இருந்தன. கோயிலிலும் கும்மியிலும் பாடிப் பழகிய தொண்டைக்கு அது புதிதல்ல. வேளாங்கண்ணித் திருவிழா முடிகிற செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் போராட்டத்தின் நடுவே வந்தது. காவிச் சேலைக்கு எடுத்து வைத்த காசு சிலருக்குப் போராட்டச் செலவுக்குப் போயிருக்கலாம். மாதா கோபித்திருக்க மாட்டாள்.

டிசம்பர்

எங்கே போனாலும் டிசம்பருக்கு வந்துவிடுகிறார்கள். மதுரைக்கும் போடிக்கும் இடையே 1928 முதல் ஓடிய ரயில், அகலப் பாதை வேலைக்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நின்று கிடந்து, 2023 ஜூன் 15-ஆம் தேதி மறுபடி போடியைத் தொட்டது. சென்னையிலிருந்து நேராகவே ரயில் விட்டார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் போடியில் இறங்கி மலை பஸ் பிடிக்கிறார்கள். திருப்பூர்க்காரிகள் உடுமலை, மறையூர் வழியாக வருவார்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களில் கீத பவனி. இரவு எட்டு மணிக்கு மேல் பாடகர் குழு லயம் லயமாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பாட்டுப் பாடி, உபதேசியார் ஜெபம் செய்து, காணிக்கையும் கட்டன் சாயாவும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது. பழைய நாளில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தலையில் சுமந்து ஒருவர் முன்னே நடப்பார். இப்போது டார்ச்சும் போன் வெளிச்சமும். இந்து வீடுகளிலும் வாசலில் நின்று கேட்பார்கள். சில வீடுகளில் நம் வாசலுக்கும் வாருங்கள் என்று அழைப்பதும் உண்டு.

சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கத்தில் இரவில் நடப்பது சாதாரணக் காரியமன்று. இது யானைக்காடு. அணைக்கே ஆனையிறங்கல் என்றுதான் பெயர். அரிசிக்காகப் பன்னியாறு ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து லாரியில் கொண்டு போனார்கள். அது பெரியாறு காட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கி, தமிழ்நாட்டு வனத்துறையினரால் மறுபடி பிடிபட்டு, இப்போது களக்காடு முண்டந்துறைப் பக்கம் இருக்கிறது. இடம் பெயர்ந்து வாழ்வதில் அதுவும் நம்மவர்களைப் போலத்தான். ஒரு யானை போனால் மற்ற யானைகள் இல்லாமல் போய்விடவில்லை. ஆகவே கீத பவனிக்குப் புறப்படுமுன், எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று வனக் காவலர்களிடமோ ஜீப் டிரைவர்களிடமோ விசாரித்துக்கொள்வார்கள். நின்றால் அன்றைக்கு அந்த லயத்துக்குப் பாட்டு இல்லை; மறுநாள்.

பயிற்சி அதற்கு முன்பே ஆரம்பமாகிவிடும். வேலை முடிந்து, குளித்து, சோறாக்கி வைத்துவிட்டு ஏழு மணிக்குப் பெண்கள் கோயிலுக்கு வருகிறார்கள். கத்தரி பிடித்துக் காய்த்த விரல்களில் தேயிலைக் கறை போயிருக்காது. ஊரிலிருந்து வந்திருக்கும் திருப்பூர்க்காரி போனில் புதுப் பாட்டு ஒன்று கொண்டு வந்திருப்பாள். தங்கிவிட்டவள் கீர்த்தனைப் புத்தகத்தில் எண்களைக் குறித்து ஒரு துண்டுக் காகிதம் வைத்திருப்பாள். எதை முதலில் பாடுவது என்று கொஞ்ச நேரம் வாதம் நடக்கும். வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கும். சுருதிக்குக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உபதேசியார், “நேரமாகுது பிள்ளைகளே, யானை வர்றதுக்குள்ள முடிக்கணும்” என்பார்.